முதல் ஊசிக்கு முந்தின சாயங்காலம்

கீமோதெரபி என்னும் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மருந்து ஏறும் நாளிலிருந்தே கதையை ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்ற செவிலியாகிய என்னைக் கேட்டால், அதற்கு முந்தின நாள் சாயங்காலம், நோயாளியும் அவரைச் சேர்ந்த பந்துக்களும் நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணி நேரத்திலேயே சிகிச்சையில் பாதி நடந்துவிடுகிறது என்பேன். மருந்தின் அளவை வைத்தியர் நிர்ணயிக்கிறார். ஊசி போட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, ஏறி முடியும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஆனால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் புறப்பட்டுப் போகும் நோயாளி அடுத்த ஊசி வரையிலான மூன்று வாரங்களை எங்களிடத்தில் கழிப்பதில்லை, மாமியாரிடத்திலும் புருஷனிடத்திலும் பள்ளிக்கூடம் போகும் மகளிடத்திலும் கழிக்கிறாள். ஆகையால் நோயாளியைத் தயார்செய்வது என்று ஏட்டில் எழுதியிருக்கும் வேலை உண்மையில் ஒரு குடும்பத்தைத் தயார்செய்யும் வேலையே.

செவிலித் தொழிலில் வேலூருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் வருஷம் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலைதான் சி.எம்.சி. என்று தேசமெங்கும் பிரசித்தி பெற்ற மருத்துவமனையாக விருத்தியடைந்தது என்பது யாவரும் அறிந்தது; பெண்களுக்கான வைத்தியப் பள்ளியை அவர் 1918-இல் ஆரம்பிப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1909-இல், செவிலியருக்குப் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார் என்பதையும், 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பே இங்கு வந்துவிட்டது என்பதையும் அத்தனை பேர் அறியமாட்டார்கள். வைத்தியருக்கு முன்னால் செவிலியை உண்டாக்கின ஊர் என்று எங்களுக்குள் சற்றுக் கர்வமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கி, காந்தி ரோட்டு லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மீன் குழம்பு வைத்தபடியே மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் வங்காளத்தாரையும் அஸ்ஸாமியரையும் பற்றியே தனிப் புத்தகம் எழுதலாம். ஆனால் எனக்கு அதிகம் தெரிந்தவர்கள் பாலாற்றங்கரைக்காரர்கள்: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலை நம்பியே பிழைக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். நானும் அந்த ஜனங்களில் ஒருத்தி. என் தகப்பனார் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அவர் வீட்டுக்கு வருவது தெருமுனையிலேயே எங்களுக்கு மூக்கில் தெரிந்துவிடும்.

ஒரு குடும்பத்தைச் சொன்னால் மற்றக் குடும்பங்களும் விளங்கும். மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் மெஷினில் உட்காருகிறவள். புருஷன் டேனரித் தொழிலாளி. இடது மார்பில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக 4 தடவை சிவப்பு மருந்து, அது முடிந்ததும் வாராவாரம் 12 தடவை பாக்ளிடாக்ஸல் என்று வைத்தியர் எழுதியிருந்தார். ரத்தத்தில் வெள்ளணுவும் தட்டணுவும் எத்தனை, ஈரலும் சிறுநீரகமும் எந்த ஸ்திதியில் இருக்கின்றன, மஞ்சள்காமாலைக் கிருமி உடம்பில் ஒளிந்திருக்கிறதா, சிவப்பு மருந்து இருதயத்தைத் தொடக்கூடியதாகையால் எக்கோவில் இருதயம் சரியாக இருக்கிறதா, சொத்தைப் பல் ஏதும் சீழ் வைக்கக் காத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாகிவிட்டது. உயரமும் எடையும் அளந்து சரீரத்தின் பரப்பைக் கணக்கிட்டே மருந்தின் அளவைத் தீர்மானிப்பதால், எடைபார்க்கும்போது புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சாவிக்கொத்தைக்கூட அவிழ்த்து மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன்.

மாமியார், புருஷன், ஆட்டோ ஓட்டும் தம்பி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அடுத்த வீட்டு அம்மாள் என்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேர் முகத்திலும் பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட பிரியம் மிகவும் அபாயகரமானது என்பது என் அபிப்பிராயம். வேலையில்லாத பிரியம் ஒரு கூடை திராட்சையை வாங்கிக்கொண்டு வருகிறது. தும்முகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வருகிறது. "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பாவம்" என்று கட்டிலோரம் உட்கார்ந்து ஆரம்பிக்கிறது. வெள்ளணு ஏறவேண்டுமென்று எவரோ சொன்ன இலையைப் பச்சையாக அரைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிறது. ஆகையால் அந்த அரைமணி நேரத்தில் ஒவ்வொருவர் பிரியத்துக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்து அனுப்புவதே என் வழக்கம்.

முதலில் மாமியார். சமையல் அவர் பொறுப்பு. அங்கே வேறு ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும். பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் கேன் தண்ணீரையே எல்லோரும் வாங்குகிறார்கள், அதையும் கொதிக்கவைத்தாக வேண்டும். பச்சைக் காய்கறி வேண்டாம். பழமானால் வாழை, ஆரஞ்சு, மாதுளை என்று தோலை உரிக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கவேண்டும். சமைத்தது சூட்டோடு இலைக்கு வரவேண்டும், நேற்றைய குழம்பு கூடாது. "பிரியாணி?" என்று தம்பி கேட்டான். ஆம்பூர்க்காரரிடம் பிரியாணியே கூடாது என்று சொல்லும் வைத்திய சாஸ்திரம் எதையும் அவர் மதிக்கப்போவதில்லை. வீட்டில் வடித்துச் சூடாக இறக்கியதை வாய்க்குப் பிடித்தால் இரண்டு கவளம் கொடுக்கலாம், காரத்தைக் குறையுங்கள், கூட வரும் வெங்காயத் தயிர்ப்பச்சடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

அந்த மாமியார் இன்னொன்று கேட்டார். மற்றவர்கள் காதில் விழாமல், தாழ்ந்த குரலில் கேட்டார். தட்டும் டம்ளரும் தனியாக வைக்கவேண்டுமா? வேண்டாம், இது தொற்று வியாதியல்ல, உங்களுக்கு அவளால் ஒன்றும் வராது, உங்கள் சளியும் ஜுரமும்தான் அவளுக்கு வந்துவிடக் கூடாது என்று சற்று உரக்கவே சொன்னேன். அடுத்த வீட்டு அம்மாளும் கேட்கட்டும் என்பதே காரணம். மருந்து ஏறிய இரண்டு நாளைக்கு மட்டும் வாந்தியையும் சிறுநீரையும் வெறுங்கையால் தொடாமல் கையுறை போட்டுக்கொள்ளவும், கழிப்பறையில் ஒரு வாளிக்கு இரண்டு வாளியாகத் தண்ணீர் ஊற்றவும் சொன்னேன். சிவப்பு மருந்து ஏறியபின் சிறுநீரும் சிவப்பாகவே போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறதென்று நடுராத்திரியில் தெருவே திரண்டுவிடும்.

மகளுக்குத் தர்மாமீட்டரையும் தினசரிக் காலண்டரையும் கொடுத்தேன். காலையும் மாலையும் அம்மாவுக்கு உஷ்ணம் பார்த்து அந்தந்தத் தேதியின் கீழ் எழுதிவைக்கவேண்டும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்துபோகும் காலம். அந்நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னேன். 100.4 டிகிரி காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, மாத்திரை கொடுத்து ஜுரத்தை அமுக்கிப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். வெள்ளணு இல்லாத உடம்பில் ஜுரம் ஒன்றுதான் குரல் கொடுக்கும், கட்டியாகவோ சீழாகவோ வேறு அடையாளம் காட்டச் சக்தி இருக்காது. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். அந்த ராத்திரிக்கு யார் வண்டி, எதில் போவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள் என்றேன். தம்பி தன் ஆட்டோவைச் சொன்னான். ஆட்டோவில் நெடுஞ்சாலைக் காற்றில் வேண்டாம், கார் வைத்திருக்கும் சிநேகிதன் யாராவது உண்டா என்று கேட்டு, அந்தச் சிநேகிதனின் டெலிபோன் நம்பரைக் காலண்டர் அட்டையில் எழுதவைத்த பிறகே மேலே பேசினேன்.

அடுத்த வீட்டு அம்மாளுக்கு வாசல் காவல். வருகிறவர்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, அப்படியே திருப்பி அனுப்புவது. அந்த அம்மாளின் நாக்கு தெருவில் பிரசித்தம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தகுதியான ஆளுக்கே உத்தியோகம் போயிருக்கிறது.

சம்பளப் பேச்சு வந்தபோது ஈ.எஸ்.ஐ. கார்டை எடுக்கச் சொன்னேன். கம்பெனிப் பெண்கள் மாதாமாதம் பிடித்தம் கொடுத்துவிட்டு, அதற்கு என்ன வருமென்று கேட்பதே இல்லை. இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் போன்ற நீண்ட வியாதி வந்தால் கூலியில் 80 சதவீதத்தை நீண்ட காலம் வாங்கிக்கொள்ளலாம் என்பதை எடுத்துச் சொன்னால், அந்த வீட்டில் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். வாந்திக்கு மருந்து சொல்வதைப்போலவே இதுவும் செவிலியின் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். அது எங்கள் வேலையல்ல என்று நினைத்த மேலதிகாரிகளும் உண்டு.

மருந்தைப் பற்றிப் பயம் எல்லோருக்கும் உண்டு. "இது விஷமாமே சிஸ்டர்?" என்று ஒருவராவது கேட்காத சாயங்காலம் கிடையாது. இல்லை என்று பொய் சொல்வது என் பழக்கமல்ல. யுத்தத்துக்காகச் செய்த விஷவாயுவின் வம்சத்தில்தான் இந்த மருந்துகளில் முதலாவது பிறந்தது. 1942-இல் அமெரிக்காவில் யேல் வைத்தியர்கள் அதைப் பிரயோகித்துப் பார்த்தார்கள். ஆனால் இந்த வம்சத்தில் நமக்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தம் ஆராய்ச்சிச்சாலையில் உண்டாக்கிக் கொடுத்த சரக்கைக்கொண்டே, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் உயிர் மீளக்கூடும் என்று சிட்னி ஃபார்பர் 1948-இல் உலகத்துக்குக் காட்டினார். மெதோட்ரெக்ஸேட் என்று இன்றும் நாங்கள் ஏற்றும் மஞ்சள் மருந்து அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தோ, நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் கேட்பாரில்லாமல் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. இதைச் சொன்னதும் பயம் குறையுமென்பது உண்மை. ஆனால் இதைச் சொன்ன கையோடு, அந்தச் செடியைப் பிடுங்கி வந்து கஷாயம் வைத்துவிடாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். வைக்கப் புறப்பட்ட ஒரு சிறிய தாத்தாவை எனக்குத் தெரியும்.

நோயாளியிடம் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அதில் நான் கண்டிப்பானவள். சிவப்பு மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். ஏறும்போது இம்மியளவு எரிந்தாலும், கடுத்தாலும், உடனே கூப்பிடவேண்டும். நம் பெண்கள் கூப்பிடமாட்டார்கள். சிஸ்டருக்குத் தொந்தரவாகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொறுத்துக்கொள்வதையே குணமென்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கற்பித்திருக்கிறார்கள். அதனால் கூட உட்காரும் புருஷனிடம், டி.வி.யைப் பார்க்காதே, ஊசி குத்தின இடத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார், அவள் வாயைத் திறக்காவிட்டாலும் நீ கத்து என்று சொல்லிவைப்பேன். அறுவை நடந்தது இடப்பக்கமாகையால் வலக்கையில்தான் ஊசி. தையல்காரியின் வலக்கை, அவள் அதை மடியில் வைத்து, ஒரு சரக்கைக் கொடுக்குமுன் சரிபார்ப்பதுபோல் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்ளிடாக்ஸல் விரல்நுனியை மரத்துப்போகச் செய்யலாம் என்பதை நான் அப்போதே சொன்னேன். மெஷினில் உட்காருகிறவளிடம் இதை மறைப்பது பாபம். ஊசிமுனைக்கும் விரலுக்கும் எவ்வளவு தூரமென்பது அவளுக்கு ஸ்பரிசத்தால் தெரிவது. அந்த ஸ்பரிசம் போனால் கண்ணை நம்பி ஓட்டமுடியாது. சூப்பர்வைசரிடம் சொல்லித் திரும்பிவரும்போது கொஞ்ச காலம் மெஷினை விட்டு மேஜை வேலை கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். அதுவரையில் அழாதவள் அப்போது அழுதாள். மெஷின்காரிக்கு மேஜை வேலை என்பது கீழிறங்குவது என்று பிற்பாடு எனக்கு விளங்கியது.

எல்லோரும் எழுந்து போனபின் புருஷன் மட்டும் பின்தங்கினார். "சிஸ்டர், நான் தோல்ல வேலை செய்றவன். என்னாலதான் இவளுக்கு இது வந்துச்சா?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். தோல் தூசியையும், குரோமியத்தில் ஆறாம் நிலையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சந்தேகத்துக்கு இடமில்லாத காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது என்பது மெய். டேனரிக் கழிவால் நிலமும் நீரும் கெட்ட விவகாரத்தில் வேலூர் ஜனங்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னதும், கெடுத்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற நியாயத்தை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியதும் மெய். ஆனால் தோல் தூசிக்கு நிரூபணமான சம்பந்தம் மூக்கோடு, குரோமியத்துக்கு நுரையீரலோடு. தோல் பதனிடப் பெரும்பாலும் உபயோகமாவது மூன்றாம் நிலைக் குரோமியம். இவள் மார்பில் வந்த கட்டிக்கு இவர் சட்டையில் ஒட்டிவந்ததே காரணமென்று சொல்ல ஆதாரமில்லை. அதை அப்படியே சொன்னேன். பிறகு, குற்றவுணர்ச்சி கொண்ட புருஷன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதைத் தவிர எதற்கும் உதவமாட்டான் என்பதை அறிந்தவளாகையால், அவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். மருந்து ஏறினவர்களுக்கு வாசனையே எமன். தாளிக்கிற வாசனைக்குக்கூடக் குமட்டும். ஆகவே டேனரியிலிருந்து வந்ததும் நேரே உள்ளே போகாமல் வேறிடத்தில் குளித்து, உடை மாற்றிக்கொண்டு போங்கள் என்றேன்.

இரண்டாம் ஊசிக்கு வந்தபோது விசாரித்தேன். அவர் தவறாமல் மைத்துனன் வீட்டில், அதற்கென்றே வாங்கிய வாசனைச் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மூன்றாம் நாள் மனைவி அந்தச் சோப்பு வாசனைக்கே ஓங்கரித்திருக்கிறாள். தோல் வாசனை கல்யாணமான நாள்முதல் பழகினது, அது ஒன்றும் செய்யவில்லை, தயவுசெய்து பழையபடியே வரச் சொல்லுங்கள் என்று அவளே என்னிடம் முறையிட்டாள். எந்தப் பாடப் புஸ்தகத்திலும் இல்லாத இந்த விஷயத்தை அன்றிலிருந்து என் சாயங்காலப் பேச்சில் சேர்த்துக்கொண்டேன்: எந்த வாசனை ஆகாதென்று அவளையே கேளுங்கள்.

அதற்குள் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. முதல் ஊசிக்கு இரண்டு மூன்று வாரத்தில் அது கொட்டும் என்பதையும், முன்னாலேயே கத்தரித்துக் குட்டையாக்கிக்கொண்டால் மனசு தாங்கும் என்பதையும் நான் சொல்லியிருந்தேன். மாமியார் ஒப்பவில்லை. சுமங்கலிப் பெண்ணின் தலையில் கத்தரி வைப்பதாவது! நான் வற்புறுத்தவில்லை, இதில் செவிலிக்கு அதிகாரம் கிடையாது. பிறகு குளியலறை ஜலதாரையில் கொத்துக் கொத்தாக அடைத்துக்கொண்ட தலைமுடியை அந்த அம்மாள் தம் கையாலேயே எடுக்கவேண்டிவந்தது. மறுநாள் அவர் தெருவில் எல்லோரிடமும், திருப்பதிப் பெருமாளுக்கு மருமகள் முடி வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அறிவித்துவிட்டார். வெள்ளணு குறைந்த சமயத்தில் மலையேறிக் கூட்டத்தில் நிற்பதோ, சவரக்கத்தி படுவதோ ஆகாது என்று நான் பதறியபோது, "அது தெரியாதா சிஸ்டர்? வீட்டுலயே மிஷின் வெச்சு எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன். சாமி அவசரப்படமாட்டாரு" என்றார். மொட்டைக்கு வியாதியின் பெயரை நீக்கிவிட்டு வேண்டுதலின் பெயரைக் கொடுத்த அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது.

எல்லாக் குடும்பமும் இப்படி வழிக்கு வருவதில்லை. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கை காட்டுவது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். தோல் மண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவரை மூன்று பிள்ளைகள் அழைத்துவந்தார்கள். வயிற்றில் புண், அதற்குச் சத்து மருந்து ஏற்றப்போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். சத்து மருந்துக்கு முடி ஏன் கொட்டவேண்டும் என்று அவர் கேட்கமாட்டாரா? ஜுரம் வந்தால் ஓடிவர வேண்டியதன் அவசரம் அவருக்கு எப்படிப் புரியும்? மறைக்கிறவர்கள் கருணையினாலேதான் மறைக்கிறார்கள். ஆனால் தயார்செய்யப்படவேண்டியவரைத் தவிர மற்ற எல்லோரையும் தயார்செய்வதில் எனக்கு ஒருநாளும் சம்மதம் இருந்ததில்லை. பிள்ளைகள் பில் கட்டப் போயிருந்த நேரத்தில் பெரியவர் என்னை அருகே அழைத்தார். "பசங்க என்கிட்ட சொல்லலைம்மா. எனக்குத் தெரியும்னு நானும் அவங்ககிட்ட சொல்லல. சின்னவன் தாங்கமாட்டான்." நான் மூன்று பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு, நால்வரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அன்று அவர்களுக்குச் செய்யவேண்டிய ஆயத்தமெல்லாம் அவ்வளவே. தண்ணீரும் தர்மாமீட்டரும் மறுநாளைக்குத் தள்ளிப்போயின.

தையல்காரி 16 ஊசியையும் முடித்தாள். கம்பெனிக்குத் திரும்பி மேஜையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு விரலில் ஸ்பரிசம் மெல்ல மெல்ல வந்து, இப்போது பழைய மெஷினிலேயே உட்காருகிறாள். மாமியார்தான் எனக்கு அடிக்கடி டெலிபோன் செய்கிறார். அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் எவருக்கு கீமோ என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். சென்ற மாதம் பேசினபோது, "பச்சத் திராட்சை கொடுக்கலாமான்னு கேக்கறாங்க, தோல் உரிக்க வராத பழம் வேணாம்னு நானே சொல்லிட்டேன், சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். காலண்டரில் நாள் வட்டமிட்டாகிவிட்டதாம், வாசலுக்கும் ஆள் போட்டாகிவிட்டதாம். ராத்திரி ஜுரம் வந்தால் வண்டிக்கு யார் என்று கேட்டேன். அதற்குத்தான் இன்னும் ஆள் அகப்படவில்லை, அந்த வீட்டு மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறது, ஆனால் இரு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நாளைக்குப் போய்ப் பேசிப்பார்க்கிறேன் என்றார்.